கடைவாய்ப் பல்லும் உப்புப் பார்க்கிற நாக்கும்

கடைவாய்ப் பல் பிடுங்கப் போகிறேன் என்று யாராவது என்னிடம் வந்து சொன்னால், முதலில் உட்கார வைத்து ஒரு சூடான டீ வாங்கிக் கொடுப்பேன். பிடுங்கின பிறகு கொஞ்ச நாளைக்குச் சூடாக எதுவும் உள்ளே போகாது. அப்புறம்தான் என் கதையைச் சொல்வேன். எனக்கு அந்தப் பல் வலி வந்தபோது ஒருத்தரும் விஷயத்தை ஒழுங்காகச் சொல்லவில்லை. சொன்னவர்கள் எல்லாரும் பயமுறுத்திவிட்டுப் போனார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

நான் பூந்தமல்லிக்காரன். பேர் காதர். கல்யாணச் சமையல்காரன்; எங்கள் ஆட்கள் பண்டாரி என்பார்கள். ஆட்டுக் கறி பிரியாணி, தால்சா, பிரெட் அல்வா, இந்த மூன்றுக்கும் அப்போது பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை என்னைத்தான் கூப்பிடுவார்கள். கறி வெட்டவும் வெங்காயம் உரிக்கவும் அடுப்பில் விறகு தள்ளவும் ஆட்கள் இருந்தார்கள். என் பெண்டாட்டியின் தம்பி யூசுப் அரிசி வடிப்பதில் கெட்டிக்காரன். ஆனால் உப்புப் பார்ப்பது நான் ஒருவன்தான். பிரியாணி அண்டாவைத் தேக்சா என்போம்; ஒரு தேக்சாவுக்கு ஒரு நாக்கு என்பது என் சட்டம். நாலு பேர் கரண்டியை நக்கினால் நாலு அபிப்பிராயம் வரும், பிரியாணி நாசமாகிவிடும். ஒருமுறை அடுப்பு தள்ளுகிற ஆள் தெரியாமல் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டான். அவனை நான் திட்டிய திட்டில் டிரங்க் ரோட்டில் போன பஸ்ஸே ஒரு நிமிஷம் நின்றுவிட்டதாக யூசுப் இன்றைக்கும் சொல்கிறான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. முப்பதைத் தாண்டிவிட்டேன். இடது பக்கம், கீழ் வரிசைக் கடைசியில், ஈறு வீங்கிக்கொண்டு வந்தது. கிராம்பை நசுக்கி வைத்தேன், கேட்கவில்லை. மாத்திரை வாங்கிப் போட்டேன், ஒரு வாரம் அடங்கி மறுபடி எழுந்தது. கடைசியில் காய்ச்சலும் வந்து, கன்னம் பன் மாதிரி உப்பி, வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்க மறுத்தது. சோற்றை உருட்டினால் உள்ளே போகவில்லை. ஊருக்கே சோறு போடுகிறவன் ஒரு வாய் சோறு தின்ன முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மெகருன்னிசா, என் மனைவி, இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாவது நாள் புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள்.

“கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு.”

“நாளைக்குப் போலாம்.”

“இன்னாங்க நாளைக்கு? ஆட்டுத் தலைய ஒரே போடுல பொளக்கற ஆளு நீங்க. ஒரு ஊசிக்கு இவ்ளோ பயமா?”

உண்மைதான். கத்திக்குப் பயம் கிடையாது, நெருப்புக்குப் பயம் கிடையாது. ஆனால் ஊசியைக் கண்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தபோது சுவர் ஏறிக் குதித்து ஓடியவன் நான். இதை மெகருவிடம் கல்யாணமான புதிதில் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்பத்தூரில் ஒரு நர்சிங் ஹோமுக்கு வாரத்தில் சில நாள் பல் அறுவை டாக்டர் ஒருவர் வருகிறார் என்றார்கள். ஆவடி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம். ரோட்டில் இருந்த ஒவ்வொரு பள்ளத்தையும் என் தாடை தனியாக எண்ணிக்கொண்டு வந்தது. மெகரு ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்து, என் தலை கம்பியில் இடிக்காமல் தன் உள்ளங்கையைக் கம்பிக்கும் என் கன்னத்துக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். இறங்கும்போது அவள் விரல் சிவந்து கிடந்தது.

காத்திருக்கிற பெஞ்சு இருக்கிறதே, நோயைவிட அதுதான் மோசம். உள்ளே ஒரு மிஷின் கிர்ரென்று சுற்றுகிற சத்தம். அது நிற்கும்போது இன்னும் பயமாக இருக்கும். எங்களைத் தேடிக்கொண்டு யூசுப் வேறு வந்து சேர்ந்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்ல ஆரம்பித்தான்.

“ஒண்ணும் ஆவாது மச்சான். நம்ம டெய்லர் பாய் மருமவன் கீறான்ல, அவனுக்கும் இதே பல்லுதான். புடுங்கனாங்க. கொஞ்சம் தாடை ஒடஞ்சிச்சி, அவ்ளோதான். இப்ப நல்லாத்தான் கீறான்.”

மெகரு அவனை டீ வாங்கி வரச் சொல்லித் துரத்தினாள்.

டாக்டர் ஒரு பெண். என்னைவிட வயதில் சின்னவர். வாய் திறக்காததால் உள்ளே பிலிம் வைத்துப் படம் எடுக்க முடியவில்லை. கன்னத்துக்கு வெளியே வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். மற்ற பல்லெல்லாம் வரிசையாக நிமிர்ந்து நிற்க, கடைசியில் ஒன்று மட்டும் தனக்கு முன்னால் இருக்கிற பல்லின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தது.

“இதை ஞானப்பல்னு சொல்வாங்க பாய். எல்லாப் பல்லும் முளைச்சதுக்கு அப்புறம் கடைசியா வரும். தாடையில இடம் இல்லன்னா இப்படித்தான் சாஞ்சிடும். பாதி ஈறுக்குள்ள, பாதி வெளியே. நடுவுல இருக்கிற சந்துல சாப்பாடு போய் மாட்டிச் சீழ் பிடிச்சிருக்கு. முதல்ல ரெண்டு நாள் படுக்க வச்சு ஊசி போட்டு வீக்கத்தைக் குறைப்போம். அப்புறம் ஈறைக் கீறி, பல்லை ரெண்டாப் பிளந்து எடுத்துடலாம்.”

“ஞானம் படுத்துக்கினு கீதுன்னு நாங்க எப்பவோ சொல்லிட்டோம் டாக்டரம்மா,” என்றாள் மெகரு.

டாக்டர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொன்று சொன்னார். அந்தப் பல்லுக்கு ரொம்பப் பக்கத்தில் இரண்டு நரம்புகள் ஓடுகின்றன. ஒன்று உதட்டுக்கு உணர்ச்சி தருவது. இன்னொன்று நாக்குக்கு. பல்லை எடுக்கும்போது அந்த நாக்கு நரம்பு கொஞ்சம் இழுபட்டால், எப்போதாவது ஒருத்தருக்கு, நாக்கின் அந்தப் பாதி மரத்துப் போகலாம். ருசியும் தெரியாமல் போகலாம். பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

“பெரும்பாலும்னா?” என்றேன்.

“சொல்லி வைக்கணும்ங்கிறது என் கடமை பாய். பயப்படாதீங்க.”

டாக்டர் இதைச் சொல்ல ஆரம்பிக்கும் முன்பே மெகரு கட்டிலுக்குப் பணம் கட்ட வெளியே போயிருந்தாள். அவளுக்கு இது தெரியாது. நானும் சொல்லவில்லை. அதுவரை ஊசிக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். அந்த நிமிஷத்திலிருந்து ஊசி எங்கோ போய்விட்டது. பண்டாரிக்கு நாக்கு போனால் என்ன மிச்சம்? கை போனால் ஆள் வைத்துக்கொள்ளலாம். நாக்குக்கு ஆள் வைக்க முடியுமா?

வார்டில் இரண்டே கட்டில். பக்கத்துக் கட்டிலில் ஆவடி பாக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து வந்த ஒருவர், குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கம். அவர் சம்சாரம் காலையும் மாலையும் தூக்குச்சட்டியோடு வருவார். மெகரு எனக்குப் பாலைக் கரண்டியால் புகட்ட, அது பாதி சட்டையில் வழிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், மறுநாள் வரும்போது மடியிலிருந்து ஒரு பொருளை எடுத்தார். பச்சைப் பிள்ளைக்கு மருந்து ஊற்றுகிற வெள்ளிப் பாலாடை.

“எம்மவனுக்கு ஊத்துனது. புளி போட்டு வெளக்கிக் கொண்டாந்திருக்கேன். அண்ணாச்சிக்கு வாய் தொறக்கலன்னா என்ன, இதோட மூக்கை உதட்டோரம் வச்சு ஊத்துங்க, தானா எறங்கிரும்.”

மீசை வைத்த ஆம்பளை நான், மெகரு மடியில் தலை வைத்து, பாலாடையில் கஞ்சி குடித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று நாளுக்குப் பிறகு வயிறு நிறைந்தது அன்றைக்குத்தான். அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எங்கிருந்தாலும் அல்லா அவரை நன்றாக வைக்க வேண்டும்.

வீக்கம் வடிந்தது. பல் எடுக்கிற நாள் வந்தது. காலையிலிருந்து என் கை ஜில்லிட்டுக் கிடந்தது. மெகரு அதைத் தன் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே ஒரு யோசனை சொன்னாள்.

“இன்னா பண்றாங்கன்னு பாக்காதீங்க. கண்ண மூடிக்கினு மனசுல ஒரு தேக்சா ஏத்துங்க. எண்ணெ ஊத்தறதுலேர்ந்து ஆரம்பிங்க. தம் ஒடைக்கறதுக்குள்ள முடிஞ்சிடும் பாருங்க.”

அதையே செய்தேன். இதைப் படிக்கிறவர்கள் யாரும் செய்யலாம். சமையல் தெரியாதவர்கள் தங்களுக்குத் தெரிந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மரத்துப்போகிற ஊசி ஈறில் இறங்கியபோது நான் எண்ணெயைக் காய வைத்தேன். பட்டை, கிராம்பு, ஏலம் போட்டேன். உதடு தடித்துக் கன்னம் காணாமல் போனபோது வெங்காயம் சிவந்துகொண்டிருந்தது. வலி இல்லை. ஆனால் அழுத்துவது தெரியும், இழுப்பது தெரியும், தலைக்குள் மிஷின் சத்தம் கேட்கும். அது யாரும் சொல்லாத விஷயம், அதனால் சொல்கிறேன்: சத்தத்தை வலி என்று நினைத்து அலறாதீர்கள். இஞ்சி பூண்டு போட்டு, கறி போட்டு, தயிர் ஊற்றி, உப்புப் போடுகிற இடத்துக்கு வந்தேன். அங்கே மட்டும் கை நின்றுவிட்டது. நாக்கை நினைத்துக்கொண்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்திருக்க வேண்டும், நர்ஸம்மா துடைத்துவிட்டார்.

அரிசி வடிப்பதற்குள் “முடிஞ்சுது பாய்” என்றார் டாக்டர். இரண்டு துண்டாக என் ஞானத்தை ஒரு கிண்ணத்தில் காட்டினார்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சைக் கடித்துக்கொண்டே இருக்கணும். அன்றைக்குத் துப்பக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து மூடிபோல நிற்கும். அது பெயர்ந்துவிட்டால் எலும்பில் காற்றுப்பட்டு உயிர் போகிற வலி வருமாம். கன்னத்தில் ஐஸ் வைக்கணும். இரண்டாம் மூன்றாம் நாள் வீக்கம் கூடும், அதற்குப் பயப்படக் கூடாது. சாப்பாடு குழைவாக, ஆறினதாக இருக்கணும். மறுநாளிலிருந்து இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரை வாயில் நிறுத்தி, தலையைச் சாய்த்துத் தானாக வழிய விடணும்.

அந்த உப்புத் தண்ணீரில்தான் எனக்குத் தெரிந்தது. முந்தின நாள் சாயங்காலமே உதடு திரும்பி வந்திருந்தது, கன்னம் வந்திருந்தது. நாக்கின் வலப்பக்கம் தண்ணீர் உப்புக் கரித்தது. இடப்பக்கம் ஒன்றுமில்லை. சூடும் இல்லை, உப்பும் இல்லை. அந்தப் பாதி என்னுடையதே இல்லை.

தையல் பிரிக்கப் போனபோது டாக்டரிடம் தனியாகச் சொன்னேன். என் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டுப் பார்த்தார், குண்டூசி முனையால் தொட்டுப் பார்த்தார். தொட்டது எனக்குத் தெரியவில்லை; அவர் பெருமூச்சு விட்டதுதான் கேட்டது.

“நரம்பு அறுந்து போகல பாய். கசங்கியிருக்கு. கையை மடக்கித் தூங்கினா மரத்துப்போகுதுல்ல, அந்த மாதிரி, ஆனா ரொம்ப மெதுவா எழுந்திருக்கும். வாரமும் ஆகலாம், மாசமும் ஆகலாம். எறும்பு ஊர்ற மாதிரி இருந்தா நல்ல அடையாளம். அதுவரைக்கும் சூடா எதையும் இடது பக்கம் வைக்காதீங்க, வெந்தாக்கூடத் தெரியாது.”

“வராமலே போனா?”

“வரும்னுதான் நான் நினைக்கிறேன்,” என்றார். நல்ல டாக்டர். பொய் சொல்லத் தெரியவில்லை.

வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. பண்டாரிக்கு நாக்கு செத்துப் போச்சு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் அப்புறம் பூந்தமல்லியில் எவன் எனக்கு அடுப்பு மூட்டக் கொடுப்பான்? டாக்டர் அனல்கிட்டே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்றேன். வந்த வேலைகளுக்கெல்லாம் யூசுப்பை அனுப்பினேன். மெகரு எனக்காகத் தினமும் நோன்புக் கஞ்சி காய்ச்சினாள். நோன்பு இல்லாத மாதத்தில் எங்கள் வீட்டில் மட்டும் அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் மணந்தன. ஆற வைத்துக் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்துகொள்வாள்.

“எப்டிக்கீது?”

“நல்லாக்கீது.”

“உப்பு?”

“சரியாக்கீது மெகரு, கொடு.”

எனக்கு அது சப்பென்றுதான் இருக்கும்; பாதி நாக்கின் கோளாறு என்று நினைத்துக் குடித்து முடிப்பேன், அவள் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போவாள். அவள் அடுப்படிக்குள் போனதும் நான் திரும்பிக்கொண்டு கல்லுப்பு ஒன்றை நாக்கின் இடது ஓரத்தில் வைத்துக்கொள்வேன். அது கரைகிற வரை காத்திருப்பேன். கூழாங்கல்லை வைத்திருப்பதுபோலத்தான் இருக்கும்.

இப்படி இரண்டு மாதம் ஓடியது. அப்போதுதான் என் அக்கா பாத்திமா வீட்டில் கல்யாணப் பேச்சு முடிந்தது. அவள் மகள் சபீனாவுக்கு ஆவடிப் பக்கம் ஒரு நல்ல இடம். நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், பகல் சாப்பாடு. அக்கா நேரே வந்து நின்றாள்.

“தாய்மாமன் நீ கையால சமைச்சாத்தான்டா என் ஊட்ல நிச்சயம். யூசுப்ப அனுப்பறேன், கீசுப்ப அனுப்பறேன்னு சொன்னியோ, நான் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

“பல்லு இன்னும் முழுசா ஆறலக்கா.”

“பல்லாலயாடா சமைக்கப் போற?”

ஒப்புக்கொண்டேன். பல் பிடுங்கப் போனபோதுகூட இவ்வளவு பயம் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பிரியாணி கெட்டால் என் பேர் மட்டும் போகாது. உன் மாமன் சமைத்த சாப்பாடு என்று அந்தப் பிள்ளையிடம் காலம் முழுக்கச் சொல்லிக் காட்ட அவர்களுக்கு ஒரு பேச்சு கிடைத்துவிடும். நிச்சயத்துக்குச் சில நாள் முன்பு நாக்கில் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. ஆசையில் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்து அதை நம்பாமல் விட்டேன்.

அக்கா வீட்டுப் பின்கட்டில் ஒரே ஒரு சின்னத் தேக்சா. நாக்கை நம்பவில்லை, கையை நம்பினேன். இத்தனை வருஷத்தில் இத்தனை கறிக்கு இத்தனை பிடி என்று என் கைக்கே தெரியும். நான் உப்பை இரண்டு தடவையாகப் போடுவேன். கறி வதங்கும்போது பாதி, வெந்து மசாலா சேர்ந்து வரும்போது மீதி. முதல் பாதியைப் போட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் என்று சத்தம் கேட்டு, சலாம் சொல்லி உட்கார வைக்கப் போனேன். வந்து மீதிப் பாதியைப் போட்டேன். ஒரு சொட்டு எடுத்து ஊதி, வலப்பக்கம் மட்டும் விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது. பாதி நாக்கு சொல்வதை எப்படி நம்புவது? என் கை தப்புச் செய்யாது என்று விட்டுவிட்டேன். பக்கத்து அடுப்பில் யூசுப் அரிசி வடித்துக் கொண்டுவந்து கொட்டினான். நான் போய்க் கங்கு அள்ளிக்கொண்டு வந்து, மூடி போட்டு, மைதா மாவால் ஓரத்தை அடைத்து, மேலே கங்கைப் பரப்பினேன்.

தம் உடைக்கிற நேரம். மாவைப் பெயர்த்து மூடியைத் தள்ளினேன். ஆவி முகத்தில் அடித்தது. மணம் குறை சொல்ல முடியாது. முதல் வாய் பண்டாரிக்கு என்பது வழக்கம். ஓரத்திலிருந்து ஒரு பிடி எடுத்து ஆற விட்டு, பிஸ்மி சொல்லி வாயில் போட்டேன்.

கரித்தது. சாதாரணக் கரிப்பு இல்லை, கடல் தண்ணீர். என் வாழ்நாளில் இப்படி ஒரு தேக்சாவை நான் இறக்கினதில்லை. தலையில் கை வைக்கப் போனவன் அப்படியே நின்றேன். சோற்றை மெதுவாக இடது பக்கம் தள்ளினேன். அங்கேயும் கரித்தது. மங்கலாக, தூரத்தில் யாரோ கூப்பிடுவதுபோல, ஆனால் கரித்தது. இன்னொரு வாய் எடுத்து இடது பக்கம் மட்டும் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

அடுப்புப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன்.

மெகரு ஓடி வந்தாள். ஒரு பருக்கை எடுத்து வாயில் போட்டவள் முகம் வெளுத்துவிட்டது.

“ஐயோ அல்லா! என்னாலதாங்க. நீங்க அந்தப் பக்கம் போனப்ப நான் ஒரு சொட்டு பாத்தேன். உப்பு பாதிதான் இருந்திச்சி. உங்களுக்குத்தான் நாக்கு தெரியலியேன்னு ஒரு பிடி அள்ளிப் போட்டுட்டேன்.”

“எனக்கு நாக்கு தெரியலன்னு உனக்கு யார் சொன்னது?”

“யார் சொல்லணும்? ரெண்டு மாசமா நான் கஞ்சிக்கு உப்பே போடல. நீங்க தெனமும் சரியாக்கீதுன்னு குடிச்சீங்க.”

யூசுப் பின்னால் தொண்டையைக் கனைத்தான்.

“மச்சான், நானும் அரிசித் தண்ணில ரெண்டு பிடி சேத்துப் போட்டேன். கறில கொறஞ்சாலும் சோத்துல இருக்கட்டுமேன்னு. அன்னிக்கு நாக்கக் கடிச்சிக்கினு வாயோரம் ரத்தம் வந்துகினு கீது, நீ பாட்டுக்கு வெத்தலக்கடைல பேசிக்கினு இருந்தியே. அப்பவே எனக்குத் தெரிஞ்சிடிச்சி.”

அக்கா தட்டு எடுக்க வந்தவள், வாசற்படியிலேயே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நீயுமாக்கா?”

“தம் போடறதுக்கு முன்னாடி நீ கங்கு அள்ளப் போனல்ல, அப்பதான்டா. நான் ருசிகூடப் பாக்கல. பல்லு ஆறலன்னியே, உப்பு கொறஞ்சிடுமோன்னு போற போக்குல ஒரு கை போட்டேன். நீ திட்டுவியேன்னுதான் சொல்லாம செஞ்சேன்.” அவள் குரல் உடைந்தது. “மாப்ள ஊட்டுக்காரங்க பாய்ல உக்காந்துட்டாங்க. இப்ப இன்னாடா பண்றது, அழாதடா தம்பி, அழாத.”

“நான் அதுக்கு அழலக்கா,” என்றேன். “இந்தப் பக்கம் கரிக்குது. மெகரு, இந்தப் பக்கம் கரிக்குது!”

மெகருவுக்கு அது புரிய ஒரு நொடி பிடித்தது. அப்புறம் அவள் அடுப்படி என்றும் பார்க்கவில்லை, ஆட்கள் என்றும் பார்க்கவில்லை, என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கரி அவள் கையில் இருந்ததா என் கன்னத்தில் இருந்ததா தெரியவில்லை, இரண்டு பேர் முகத்திலும் ஆகிவிட்டது.

ஆனாலும் சாப்பாடு போட்டாக வேண்டும். தால்சாவில் தண்ணீரும் கத்திரிக்காயும் சேர்த்துக் கொதிக்க வைத்தோம். தயிர் வெங்காயத்தில் உப்பே போடவில்லை. எலுமிச்சம்பழம் கிடைத்ததையெல்லாம் அறுத்தோம். தேக்சாவின் கடலுக்கு அதெல்லாம் எம்மாத்திரம்! பரிமாறியபோது முதலில் பேச்சு நின்றது. அப்புறம் தண்ணீர் கேட்கிற குரல் ஒன்று வந்தது, இரண்டு வந்தது, வரிசை முழுக்க வந்தது. யூசுப் செம்பும் கையுமாக ஓடிக்கொண்டே இருந்தான். கதவிடுக்கில் சபீனா கண் கலங்கி நிற்பது எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளையின் பெரியத்தா, அப்பாவுக்கு அண்ணன், வெள்ளைத் தாடி வைத்த மனிதர், இரண்டாவது செம்பு தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“மணம் பிரமாதம். கறி பஞ்சு மாதிரி கீது. ஆனா இதுக்கு உப்புப் பாத்தது யாருப்பா?”

மெகரு கதவுக்குப் பின்னாலிருந்து வாயைத் திறந்தாள். யூசுப் செம்பைக் கீழே வைத்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்தான். அக்கா “அது வந்து…” என்று ஆரம்பித்தாள். நான் மூன்று பேரையும் தள்ளிக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

“நான்தான் பாய்,” என்றேன். “இந்த நாக்குதான் பாத்துச்சி.” சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னாலும், இடது பக்கம் நன்றாகத் தெரியும்படி, நாக்கை முழுசாக நீட்டிக் காட்டினேன்.